பேனர் உபயம்: வியாசர்பாடித் தெரு ஒன்றின் கூழ் திருவிழாவில் நான் செய்ததும் சொதப்பியதும்

வடசென்னையில் ஆடி மாதக் கூழ் திருவிழாவுக்கு அடிக்கிற நோட்டீஸை முழுதாகப் படித்திருக்கிறீர்களா? மேலே அம்மன் படம், நடுவில் நிகழ்ச்சி நிரல், அதற்குக் கீழே பாதிப் பக்கத்துக்கு உபயம், உபயம், உபயம். பந்தல் உபயம் இன்னார், பூ அலங்காரம் உபயம் இன்னார், சீரியல் செட் உபயம் மூன்றாவது சந்து நண்பர்கள். 2022 ஆடியில் அப்படி ஒரு நோட்டீஸின் கடைசிக்கு முந்தைய வரியில் 'பேனர் உபயம்' என்று என் பெயர் வந்தது, அதுவும் ஓர் எழுத்துப் பிழையோடு. தெருக்களிலும் பள்ளிகளிலும் மக்களோடு சேர்ந்து ஓவிய வேலை செய்ய ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. என் பெயர் அச்சான கண்காட்சி கேட்டலாக் ஒன்றுகூட வீட்டில் கிடையாது, இந்த நோட்டீஸை மட்டும் லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரிக்கு எப்படி வந்து சேர்ந்தேன், வழியில் யார் யாரைக் கோபப்படுத்தினேன், அடுத்த வருடம் என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுதப் போகிறேன். இதே வேலையில் இருக்கிறவர்களுக்கு என் சொதப்பல்களாவது உதவும்.

தெரு எங்கே என்பதை வியாசர்பாடி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஒரு சின்ன அம்மன் கோயில், எதிரில் கேரம் கிளப், பக்கத்தில் டீக்கடை, சாயங்காலம் ஆனால் பந்தோடு இறங்கும் பிள்ளைகள். 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் கூழ் ஊற்றவில்லை. 2021 ஆடியில் வார இறுதி நாட்களில் கோயிலுக்குள் போகவே தடை இருந்தது. அதனால் 2022-ல் விழாக்குழுவுக்கு ஒரு வேகம். இரண்டு வருடப் பாக்கியைச் சேர்த்து அம்மனுக்குச் செய்துவிட வேண்டும் என்று மே மாதமே ரசீது புத்தகம் அடித்துவிட்டார்கள். நான் அப்போது அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சனிக்கிழமை ஓவிய வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள்தான் இழுத்துக்கொண்டு போனார்கள்.

கலையை மக்களிடம் கொண்டுபோவது என்று சென்னையில் யாராவது பேச்செடுத்தால் உடனே சில பெயர்கள் வரும். 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம், ஊர்க் கலைஞர்களைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் அழைத்து வந்தது, நடுவில் நின்றுபோய் 2023 பொங்கலுக்கு மறுபடி வந்தது. 2015-ல் பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழா, கர்னாடக சங்கீதத்தையும் பறையையும் கூத்தையும் மீனவர் குப்பத்தில் ஒரே மேடையில் ஏற்றியது. 2020-ல் கண்ணகி நகரின் அடுக்குமாடிச் சுவர்களில் ஆள் உயரத்தைவிடப் பல மடங்கு பெரிய முகங்கள் வந்தன. மூன்றையும் போய்ப் பார்த்திருக்கிறேன், மூன்றும் எனக்குப் பிடிக்கும். ஆனால் மூன்றிலும் ஒரு மேடையோ ஒரு சுவரோ புதிதாக உருவாகிறது, அதை உருவாக்குகிறவருக்கு அங்கே ஒரு இடம் இருக்கிறது. கூழ் திருவிழா அப்படி இல்லை. எனக்கு முன்னாலேயே அங்கே எல்லா வேலைக்கும் ஆள் இருக்கிறது. இது எனக்கு அப்போது புரியவில்லை.

புரியாததால் என்ன செய்தேன் என்றால், காகிதக் கூழில் எட்டு பெரிய முகமூடி, மூங்கிலில் கட்டிய இரண்டு ஆளுயரப் பொம்மை, பிள்ளைகள் அதைத் தூக்கிக்கொண்டு அம்மன் ஊர்வலத்துக்கு முன்னால் ஆடி வருவது என்று ஒரு திட்டம் எழுதி, படமெல்லாம் வரைந்து, விழாக்குழுத் தலைவரிடம் நீட்டினேன். கலைக்குப் பணம் கொடுக்கும் ஒரு நிறுவனமும் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தது. தலைவர் டீ வாங்கிக் கொடுத்தார். பொறுமையாகக் கேட்டார். "பொம்மை ஆட்டம்னா பொய்க்கால் குதிரைக்காரன் இருக்கானேமா, அவனுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு" என்றார். சரி, முகமூடி? அதற்கு அவர் பதில் சொல்லவில்லை, கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா சொன்னார்: "பம்பை அடிச்சு வர்ணிப்பு பாடசொல்லோ சாமி யார் மேல வரும்னு தெரியாது. மூஞ்சிய மூடிக்கினு நின்னா சாமி வந்தது எப்படிமா தெரியும்?"

எனக்கு முகத்தில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. பம்பைக்காரர் உடுக்கையும் சிலம்பும் சேர்த்து அம்மனை வர்ணித்துப் பாடப் பாட, கூட்டத்தில் ஒருவர் உடம்பு ஆடத் தொடங்கும். அவர் முகத்தைப் பார்த்துத்தான் பக்கத்தில் இருப்பவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள், வேப்பிலை கொடுப்பார்கள், விபூதி வைப்பார்கள். அந்த ஊர்வலத்தில் முகம் தெரிவது அவ்வளவு முக்கியம். எழும்பூர் நுண்கலைக் கல்லூரியில் ஐந்து வருடம் முகம் வரையக் கற்றுக்கொண்ட எனக்கு இது தோன்றவே இல்லை. திட்டத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் சும்மா போய் உட்கார்ந்தேன். இந்த மூன்று வாரம்தான் முழு வேலையிலும் உருப்படியான பகுதி என்று இப்போது நினைக்கிறேன், அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூட எழுத முடியாது என்றாலும். வசூலுக்குக் கூடவே நடந்தேன். எந்த வீட்டில் எவ்வளவு, யார் பணத்துக்குப் பதில் அரிசி கொடுப்பார்கள், யாருக்கு ரசீது வேண்டாம் ஆனால் நோட்டீஸில் பெயர் வேண்டும், எல்லாம் பொருளாளருக்கு மனப்பாடம். செண்டை மேளமா பம்பையா என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை. பையன்களுக்குச் செண்டை வேண்டும், இப்போதெல்லாம் அதுதான் கெத்து. பெரியவர்கள் பம்பை இல்லாமல் கரகம் நகராது என்றார்கள். கடைசியில் இரண்டுக்கும் பணம் திரட்டினார்கள், பம்பைக்காரருக்குக் கொஞ்சம் குறைத்து. எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் அங்கே நான் வாயைத் திறக்கவில்லை.

சீரியல் செட் போடுகிற அண்ணனோடு பழகியதும் அப்போதுதான். ஆடியில் வடசென்னைத் தெருமுனைகளில் விளக்குகளால் மினுங்கும் ஆளுயர அம்மன்களைப் பார்த்திருப்பீர்கள். பிளைவுட்டில் கோட்டோவியமாக அம்மனை வரைந்து, கோட்டின் மேலேயே ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு பல்பு. முன்பு மோட்டாரில் சுற்றும் உருளையில் செப்புத் தகடு ஒட்டி, அது தொடும்போதெல்லாம் ஒரு வரிசை எரிகிற மாதிரி செய்வார்கள். சூலம் ஆடுவதும் பாம்பு நெளிவதும் அப்படித்தான். இப்போது எல்.இ.டி.யும் சின்ன சர்க்யூட் போர்டும். கோட்டோவியத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது எனக்குக் கல்லூரியில் யாரும் சொன்னதில்லை. "கிட்ட நின்னு வரையாத தங்கச்சி, பஸ் ஸ்டாப்புல போய் நின்னு பாரு, அங்க தெரியலன்னா இங்க வரைஞ்சு புண்ணியமில்ல" என்பார்.

பேனர் விஷயம் தற்செயலாக வந்தது. பிளெக்ஸ் பேனருக்கு ஆள் ஆளுக்குப் பயம் இருந்தது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவில் கட்டிய பேனர் விழுந்து ஸ்கூட்டரில் போன ஓர் இளம்பெண் லாரியில் அடிபட்டு இறந்ததிலிருந்து உயர் நீதிமன்றம் கடுமையாக இருக்கிறது. அனுமதி இல்லாமல் ரோட்டோரம் கட்டினால் வழக்கு. 'கோயில் சுவரோடு சேர்த்து ஒன்றே ஒன்று கட்டுவோம், ரோட்டுக்கு வேண்டாம்' என்று குழு முடிவு செய்தது. ஒன்றுதான் என்றதும் நான் கேட்டேன், அந்த ஒன்றைப் பிள்ளைகளை வைத்துத் துணியில் கையால் வரைந்து கொடுக்கட்டுமா? தலைவர் யோசித்தார். "உபயமா?" என்றார். உபயம் என்றேன். "அப்ப சரி."

இந்த ஒரு சொல் எல்லாவற்றையும் மாற்றியது. அதுவரை நான் 'புரோகிராம்' நடத்த வந்த மேடம். உபயக்காரி ஆனதும் எனக்கு ஒரு வரிசை, ஒரு கடமை, தேதி தவறினால் திட்டு வாங்குகிற உரிமை எல்லாம் வந்துவிட்டது. பந்தல்காரரும் பூக்காரரும் என்னோடு சமமாகச் சண்டை போட ஆரம்பித்தார்கள். சமூகக் கலைஞர் என்கிற வேலைக்கு நம் ஊரில் ஏற்கெனவே ஒரு நாற்காலி இருக்கிறது என்றால் அது இதுதான். அதில் உட்கார்ந்தால் விழாவை மாற்றியமைக்கிற அதிகாரம் கிடைக்காது, விழாவுக்குள் இருக்கலாம்.

பணம் தந்த நிறுவனத்துக்கு இது பிடிக்கவில்லை. முகமூடி ஊர்வலம் எங்கே என்று கேட்டார்கள், நியாயம்தான். பேனர் என்றதும் அதன் மேல் நடுவில் தங்கள் சின்னம் வர வேண்டும் என்றார்கள். அதைப் பொருளாளரிடம் சொன்னபோது அவர் சிரிக்கக்கூட இல்லை. "சாமி தலைக்கு மேல எவன் பேரும் வராது." கீழே ஓரத்தில் போடலாம் என்று இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தேன், நடக்கவில்லை. முதல் தவணையில் செலவாகாமல் இருந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியைக் கையிலிருந்தும் இரண்டு நண்பர்களிடம் வாங்கியும் போட்டேன். கணக்கைச் சொல்லிவிடுகிறேன், யாராவது கேட்பார்கள்: காடாத் துணி, மரச் சட்டம், பெயின்ட், பிரஷ், பேனர் மாஸ்டருக்குப் பத்து நாள் கூலி, பிள்ளைகளுக்கு பன்னும் டீயும், எல்லாம் சேர்த்து 14,600 ரூபாய். இருபதுக்கு எட்டு அடி. அதே அளவு பிளெக்ஸ் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

பேனர் மாஸ்டர் என்றேனே, அவர் ஒரு காலத்தில் மவுன்ட் ரோடு சினிமா பேனர்களில் வேலை பார்த்தவர். 2000-க்குப் பிறகு டிஜிட்டல் பிரின்ட் வந்து அந்தத் தொழிலைத் துடைத்துப் போட்டதும் கடை ஷட்டரில் பெயர் எழுதுவது, வண்டி நம்பர் எழுதுவது என்று ஓட்டியவர். அவரிடம் பிள்ளைகள் கற்றுக்கொண்ட முதல் விஷயம் கட்டம் போடுவது. சின்னப் படத்தின் மேல் சின்னக் கட்டம், பெரிய துணியில் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம், ஒவ்வொரு கட்டத்துக்குள் இருப்பதை மட்டும் பெரிதாக்கு, முழுப்படத்தைப் பார்க்காதே. அந்த மாதம் செஸ் ஒலிம்பியாட்டுக்காக நேப்பியர் பாலத்தையே கறுப்பு வெள்ளைக் கட்டமாக அடித்து வைத்திருந்தார்கள், அதனால் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரிய வைப்பது சுலபமாகிவிட்டது. "பாலத்த துணியில போடு" என்றால் போதும். கட்டம் போட்டது பெரும்பாலும் ஒரே பையன், எட்டாம் வகுப்பு, நூலில் நீலப்பொடி தடவி இழுத்துத் தெறிக்க விடுவதில் அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம். இரண்டாவது பாடம், முகத்தில் நீலமும் பச்சையும் வைக்கப் பயப்படாமல் இருப்பது. கிட்டத்தில் பார்த்தால் அடிபட்ட முகம் மாதிரி இருக்கும், இருபது அடி தள்ளிப் போனால் எலும்பும் சதையுமாக எழுந்து நிற்கும். சீரியல் செட் அண்ணன் சொன்னதும் இதுவும் ஒன்றேதான் என்று பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள்.

சரி, யார் முகத்தை வரைவது? நடுவில் அம்மன், அதில் பேச்சில்லை. இரண்டு பக்கமும் வழக்கமாகக் குழுவினர் போட்டோ, வட்டம் வட்டமாக, செல்போன் காதில் வைத்த மாதிரி. பிள்ளைகள் என்ன சொன்னார்கள் என்றால், கூழ் காய்ச்சும் ஆயாக்களை வரையலாம். எனக்கு உள்ளுக்குள் குதூகலம், ஆனால் குழுவில் இதைச் சொன்னபோது ஒரே அமைதி. ஒருவர் கேட்டார், "அவங்க பணம் குடுத்தாங்களா?" அந்த அமைதிக்கு நடுவில் வாசலில் இருந்து ஓர் ஆயா, முகமூடி வேண்டாம் என்றவரேதான், "பணமா? நாப்பது வருசமா கைய குடுத்துக்கினு கீறேன்" என்றார்.

கூழ் வேலையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அது விளையாட்டல்ல. முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைக்க வேண்டும். விடியற்காலையில் நொய்யை வேகவிட்டு, மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய அண்டாவில் அது ஒரு ஆள் வேலையில்லை, மாற்றி மாற்றி மூன்று பேர். ஆறிய பிறகு மோரும் உப்பும் சின்ன வெங்காயமும். வீட்டுக்கு வீடு குடத்தில் கொண்டுவந்து கோயில் வாசலில் இருக்கும் பெரிய அண்டாவில் ஊற்றிக் கலந்து, படைத்து, வேப்பிலை போட்டு, வந்தவருக்கெல்லாம் சொம்பு சொம்பாக ஊற்றுவது. தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும். இந்த விழாவின் பெயரே அந்த வேலையின் பெயர், ஆனால் அதைச் செய்தவர் முகம் எந்த வருடப் பேனரிலும் வந்ததில்லை.

முட்டுக்கட்டையை அவிழ்த்தது பொருளாளர். இரண்டு நாள் கழித்து கேரம் கிளப்புக்கு வந்து, நாங்கள் சட்டத்தில் துணி இழுத்துக்கட்டிக்கொண்டிருந்தபோது, "என் மூஞ்சி வேணாம், எங்கம்மா மூஞ்ச போட்டுரு" என்று பர்ஸிலிருந்து ஒரு பாஸ்போர்ட் போட்டோவை எடுத்துக் கொடுத்தார். அடுத்த நாள் தலைவர், அவருடைய அம்மா. அப்புறம் நிற்கவில்லை, ஐந்து முகம் என்று திட்டமிட்டது பதினொன்றாக ஆனது. குழுவினர் பெயர்கள் மட்டும் ஓரத்தில் சின்னதாக.

இங்கேதான் நான் செய்த பெரிய தப்பு. பதினொன்றோடு நிறுத்தினேன், துணியில் இடமில்லை என்பது உண்மைதான், ஆனால் யாரை விடுவது என்பதை நான் யோசிக்கவே இல்லை, போட்டோ கொடுத்த வரிசையில் போட்டுக்கொண்டே போனேன். கடைசிச் சந்தில் ஒரு வீடு, அந்த அம்மா இருபது வருடமாகக் கூழ் கிண்டுகிறவர், மகன் வேலைக்காக ஓசூரில் இருக்கிறார், போட்டோ கொண்டுவந்து கொடுக்க ஆளில்லை. பேனர் ஏறின பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்த வருடம் அந்த வீட்டுக் குடம் கோயிலுக்கு வரவில்லை. நான் போய் மன்னிப்புக் கேட்டேன், தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார், அதைப் பற்றி மட்டும் பேசவில்லை. போட்டோ இருக்கிறவர், பிள்ளை குழுவில் இருக்கிறவர், இவர்கள்தான் என் பேனரிலும் வந்தார்கள்; பிளெக்ஸ் செய்கிற அதே வேலையைப் பாதி நானும் செய்திருக்கிறேன்.

திருவிழா ஜூலை 31, ஞாயிறு. வெள்ளிக்கிழமை காப்பு கட்டினார்கள், சனி சாயங்காலம் பேனர் ஏற்ற வேண்டும். மாஸ்டர் ஆயில் பெயின்ட்தான் பிடிவாதமாகப் பிடித்தார், முகத்துக்கு எமல்ஷன் உயிர் கொடுக்காது என்று. ஆயில் காயவில்லை. ஆடி மாதச் சாயங்கால மழை வேறு, இடியோடு ஒரு மணி நேரம். கேரம் போர்டுகளையெல்லாம் சுவரோரம் சாத்திவிட்டு, துணியை உள்ளே கூரையோடு தொங்கவிட்டு, டேபிள் ஃபேன் மூன்றை வைத்து ராத்திரி முழுக்கக் காயவைத்தோம். ஒரு முகத்தில் நெற்றிப் பொட்டு இறங்கி மூக்கு வரை வந்துவிட்டது. மாஸ்டர் அதை மூக்குத்திச் சிவப்பாக மாற்றினார், இதெல்லாம் அவருக்குச் சாதாரணம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஏற்றினோம்.

கூழ் ஊற்றும்போது வரிசையில் நின்றவர்கள் பேனரைப் பார்த்து, பிறகு கரண்டி பிடித்திருந்தவரைப் பார்த்து, மறுபடி பேனரைப் பார்த்தார்கள். அதை நான் திட்டமிடவில்லை. ஓர் ஆயா தன் முகத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பச்சையா போட்டுட்டான், பேய் மாதிரி கீறேன்" என்றார், அதற்கப்புறம் பேரனை விட்டு அதற்கு முன்னால் நிற்கவைத்துப் பத்துப் பதினைந்து போட்டோ. சாயங்காலம் பூங்கரகம், பம்பை, ராத்திரி அம்மனுக்குச் சோற்றைக் குவித்துப் படைக்கிற கும்பம். பத்து மணிக்கு மைக்கை நிறுத்தச் சொல்லிப் போலீஸ் வந்தது, நிறுத்தினார்கள்.

அடுத்த ஜனவரியில் போகிக்கு இதே பிள்ளைகளை வைத்து ஒன்று செய்தேன், அது பெரிதாகப் பிடிக்கவில்லை. டயர் எரிக்கிற புகையால் 2018 போகியன்று விமானங்களே தடுமாறின கதையைச் சொல்லி, பழைய டின்களில் போகி மேளம் செய்யலாம் என்றேன். கடையில் விற்கிற மேளத்தின் சத்தம் டின்னில் வரவில்லை. பிள்ளைகள் மரியாதைக்கு அரை நாள் அடித்துவிட்டுக் காசு கொடுத்து அசல் மேளம் வாங்கிக்கொண்டார்கள். அவ்வளவுதான்.

2023 ஆடிக்கு நான் ஜூன் கடைசியில்தான் போனேன், வேறு வேலையில் மாட்டிக்கொண்டு தாமதமாகிவிட்டது. தலைவர் சந்தோஷமாகச் செல்போனை எடுத்துக் காட்டினார். போன வருடம் நாங்கள் வரைந்த துணியை நல்ல கேமராவில் போட்டோ எடுத்து, கம்ப்யூட்டரில் தேதியை மாற்றி, ஓரத்தில் புதிய பெயர்களைச் சேர்த்து, பிளெக்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டார்கள். கடைசிச் சந்து அம்மாவின் முகமும் அதில் இருந்தது, பன்னிரண்டாவதாக. செல்போன் போட்டோவை ஏதோ ஃபில்டரில் போட்டுப் பெயின்டிங் மாதிரி மாற்றியிருந்தார்கள். மாஸ்டருக்கு ஒரு நாள் கூலிகூட வராத பேனர். அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினேன், அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "என் பிரஷ் அடி அப்படியே விழுந்துகீதா பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். விழுந்திருந்தது. பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு இழுப்பும் தெரிந்தது.

எனக்கு அன்றைக்குக் கோபமா நிம்மதியா என்று சொல்லத் தெரியவில்லை, இப்போதும் முழுதாகத் தெரியவில்லை. பன்னிரண்டாவது முகம் நான் விட்டதைச் சரி செய்தது, அதை என்னைக் கேட்காமலே செய்தார்கள், அதற்குக் கையால் வரைவது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அசல் துணி கேரம் கிளப் பரணில் சுருட்டி இருக்கிறது, ஒரு மூலையை எலி கடித்திருக்கிறது. அந்த வருட நோட்டீஸில் பேனர் உபயம் வேறொருவர், பிளெக்ஸ் கடைக்காரர், சரிதான்.

கட்டம் போட்ட பையன் மட்டும் சீரியல் செட் அண்ணனோடு ஒட்டிக்கொண்டான். பிளைவுட்டில் அம்மனைப் பெரிதாக்குவதற்கு அதே கட்டம்தான். பள்ளி விட்டதும் அங்கே போய்விடுகிறான், அவனுடைய அம்மாவுக்கு அதில் பாதி வருத்தம், பாதி பெருமை. போன ஆடியில் ஒரு நாள் ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்தான்.

"அக்கா, அம்மனுக்கு மூக்குத்தி. ஒரு பல்பு போதுமா, மூணு வைக்கவா?"

"எங்கேர்ந்து பாக்குற?"

"பஸ் ஸ்டாப்புலதான் நிக்கிறேன். ஒண்ணு வச்சா தெரியலக்கா."

"அப்ப மூணு வை."